வெள்ளிக்கிழமைத் தண்ணீர்

நாணல்திட்டுக் கீழத்தெருவில் செத்துப்போனவர்கள் வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்குப் பேசுவார்கள். நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். அந்த நாற்பத்தோரு வீட்டில் யாரைக் கேட்டாலும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். பவுனாம்பாளைக் கேட்டால் மட்டும் எழுந்து உள்ளே போய்விடுவாள். ஆரம்பித்து வைத்தவள் அவள்தான்.

கொள்ளிடத்துக்கும் கொள்ளிடக் கரைக்கும் நடுவில், ஆறு விட்டுவைத்த படுகையில் இருக்கிறது நாணல்திட்டு. திட்டு என்று பேர்தான், கீழத்தெரு ஆற்றைவிட ஒரு முழம்கூட உயரமில்லை. அங்கே வயதை வருஷத்தில் சொல்லிப் பழக்கமில்லை. "நான் ரெட்டை வெள்ளத்துல பொறந்தவ", "எனக்குக் கல்யாணம் ஆனது மாடு போன வெள்ளத்துக்கு அடுத்த தை" என்றுதான் பேச்சு. ஒவ்வொரு வெள்ளத்துக்கும் ஒரு பெயர் உண்டு. நாலு வருஷத்துக்கு முன்னால் வந்ததற்கு மட்டும் யாரும் பெயர் வைக்கவில்லை. அது பத்தொன்பது பேரைக் கொண்டுபோனது.

அந்த மழைக்காலத்தில் கரைமேல் இருந்த வெள்ள எச்சரிக்கைச் சங்கு ஆறு தடவை சும்மா அலறியது. ஏழாவது தடவை ஒருத்தரும் அசையவில்லை, திரும்பிப் படுத்துக்கொண்டார்கள். பவுனாம்பாளின் புருஷன் கலியமூர்த்தி மட்டும் கால் நனைந்து எழுந்தான். அவளைக் கரை வரைக்கும் தள்ளிக்கொண்டு வந்து விட்டான். "இந்தா, ஆட்ட நான் பாத்துக்கறேன், நீ மேட்டுக்கு ஓடு" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தான். ஆடு மூன்றும் நீந்திக் கரையேறிவிட்டன. அவன் வரவில்லை.

அப்புறம் அதிகாரிகள் வந்தார்கள். செத்தது எத்தனை என்று எண்ணி முடித்தபின், அவர்களில் ஒரு புத்திசாலி, பிழைத்தவர்கள் எப்படிப் பிழைத்தார்கள் என்று விசாரித்தான். சங்குக்கு எழுந்தவர் யாருமில்லை. அம்மாவோ அண்ணனோ பெயர் சொல்லிக் கூப்பிட்டு எழுந்தவர்கள்தான் ஏறக்குறைய எல்லாரும். சரி, மெஷினையே வீட்டு மனுஷர் குரலில் கூப்பிடச் செய்தால் என்ன என்று ஒரு திட்டம் பிறந்தது.

வீட்டுக்கு ஒரு படிவம் கொடுத்தார்கள். 'உங்கள் வீட்டில் யார் சொன்னால் கேட்பீர்கள்?' என்று ஒரே கேள்வி. திருப்பூரில் இருக்கிற மகன், சிங்கப்பூரில் இருக்கிற மருமகன் என்று எழுதுவார்கள் என ஆபீஸில் நினைத்திருந்தார்கள். இருபத்தாறு வீட்டில் செத்தவர் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டார்கள். வெள்ளத்தில் போனவர்கள், அதற்கு முன்னால் நோயில் போனவர்கள் எல்லாரும் பட்டியலில் இருந்தார்கள். பாப்பாத்தி தன் மாமியார் பெயரை எழுதினாள். "உசுரோட இருந்தப்ப அந்தம்மா சொன்னா கேட்டியாடீ?" என்று தெருவே சிரித்தது. "கேக்கலைன்னாலும் பயந்தேன்ல" என்றாள் அவள்.

போனில் கிடந்த பழைய பேச்சுகளை வாங்கிக்கொண்டுபோய் அந்தந்தக் குரலை மெஷினுக்குப் பழக்கினார்கள். அடுத்த வீட்டு வேம்புவிடம் இருந்தது, ஒன்பது வயதில் வெள்ளத்தோடு போன மகள் கயல்விழி பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு ஒப்பிக்கிற நாற்பது வினாடி மட்டும். அதுவே போதும் என்றார்கள்.

மார்கழியில் வாசலுக்கு ஒரு கம்பம் நட்டார்கள். ஆளைவிட ஒரு முழம் உயரம், அடியில் தண்ணீரின் ஏற்றத்தைத் தொட்டறியும் வளையம், உச்சியில் குரல். நட்டவன் குணசீலன். நாற்பது வயது, முன்மண்டை வழுக்கை, எல்லாரையும் அக்கா என்று கூப்பிடுகிற ஆள்.

"ஆபீஸுலேர்ந்து யாரும் இத இயக்குறதில்லக்கா. நூறு வருஷத்து வெள்ளக் கணக்கு எல்லாக் கம்பத்துலயும் இருக்கு. வாசல்ல தண்ணி ஏறினா பழைய கணக்கோட ஒத்துப் பாத்து, அதுவே முடிவு பண்ணிக் கூப்பிடும். புது மெஷின், இப்ப கொஞ்சம் பயந்த சுபாவம். போகப் போகக் கத்துக்கும்."

தை முதல் வெள்ளி. பவுனாம்பாள் வாசல் கழுவும்போது வாளி கை தவறிக் கம்பத்தின் அடியில் கவிழ்ந்தது.

"பவுனு. ஏ பவுனு. எழுந்திரு. தண்ணி வருது. ஆட்ட நான் பாத்துக்கறேன், நீ மேட்டுக்கு ஓடு."

அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அவன் குரலேதான், அந்தத் தொண்டைக் கரகரப்புகூட அப்படியே. கடைசியாகச் சொன்ன வார்த்தையை அவள்தான் படிவத்தில் எழுதிக் கொடுத்திருந்தாள். ஆனால் பெயர்? இருபத்தாறு வருஷக் குடித்தனத்தில் அந்த மனுஷன் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. இந்தா, ஏய், எங்க தொலைஞ்ச, இதுதான். பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும் என்பது மெஷினுக்கு விதி. செத்த பிறகுதான் அவன் வாயில் அவள் பெயர் வந்தது.

அடுத்த வெள்ளி வரைக்கும் பொறுத்துப் பார்த்தாள். அப்புறம் தெருவில் ஆள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஒரு சொம்புத் தண்ணீரைக் கம்பத்தின் அடியில் ஊற்றினாள். கூப்பிட்டான். மூன்றாவது வெள்ளி வேம்பு பார்த்துவிட்டாள். ஓடிப்போய்த் தன் வாசலில் ஊற்றினாள்.

"அம்மா, எழுந்திரிம்மா. தண்ணி வருதும்மா. மேட்டுக்குப் போலாம் வாம்மா."

வேம்பு அழுத அழுகையில் தெரு முழுக்க வந்து நின்றது. அதற்கப்புறம் யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. மாரியம்மன் கோயில் கம்பத்துக்கு மஞ்சத்தண்ணி ஊற்றுகிற ஊர்தானே, இந்தக் கம்பத்துக்கு ஊற்றினால் என்ன? பொட்டு வைத்தார்கள், வேப்பிலை செருகினார்கள். வெள்ளிக்கிழமை எட்டு மணி என்று தாங்களாகவே ஒரு நேரம் வகுத்துக்கொண்டார்கள். தூரத்தில் இருக்கிற மகன் குரலை வைத்திருந்த வீடுகளும் சேர்ந்துகொண்டன. ஒரே நேரத்தில் நாற்பத்தோரு வாசலிலும் குடம் கவிழும், குரல்கள் எழும். "அடியே மூதேவி, தூங்குனது போதும், எந்திரி" என்று மாமியார் திட்டுவாள், பாப்பாத்தி முகமெல்லாம் பூரித்து நிற்பாள்.

சித்திரையில் குணசீலன் வந்தான். முகம் சரியில்லை. பவுனாம்பாள் வாசலில் நின்று கையிலிருந்த டேப்லெட்டைக் காட்டினான்.

"அக்கா, ரெக்கார்டுப்படி உங்க தெரு இந்த வருஷம் மட்டும் பதினோரு வெள்ளம் பாத்திருக்கு. எல்லாம் வெள்ளிக்கிழமை. எல்லாம் எட்டு மணி. ஆத்துல மணல்தான் கெடக்கு."

"அட, அதுக்கென்ன தம்பி இப்ப?"

"யாரு தண்ணி ஊத்துறது?"

"யாரு ஊத்துறா? வாசத் தெளிக்கிறோம். நாயி காலத் தூக்குது. அதுக்கெல்லாமா கணக்கு?"

"நாப்பத்தோரு நாயா, எட்டு மணிக்கு?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவன் சிரிக்கவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"சொல்றத கவனமா கேளுங்க. அது கத்துக்குற மெஷின். தண்ணி வந்தது, வெள்ளம் வரல. திரும்ப வந்தது, திரும்ப வெள்ளம் வரல. அப்ப என்ன நெனைக்கும்? வெள்ளிக்கிழமைத் தண்ணி பொய்யின்னு கணக்குல சேத்துக்கும். கொஞ்சம் கொஞ்சமா காது அடைச்சுக்கும். சங்கு ஊதுனப்ப நீங்க செஞ்ச அதே காரியம்."

"சரி, இப்ப என்ன பண்ணணுங்கற?"

"கத்துக்கிட்டத அழிக்கணும். அழிச்சா குரலும் சேந்து போயிடும். செத்தவங்க குரல ஆபீஸுல வெச்சுக்கக் கூடாதுன்னு சட்டம்க்கா, கம்பத்துல மட்டுந்தான் இருக்கு. பழைய பேச்சு போன்ல இருந்தா மறுபடி பழக்கலாம்."

அவளிடம் இல்லை. கலியமூர்த்தி பேசி அனுப்பியதெல்லாம் சிங்கப்பூர் மருமகன் போனில் இருந்தது, அந்தப் போன் போய் இரண்டு மாசம் ஆகிறது. வேம்புவின் போனும் ஒரு நாள் ஆற்றில் தவறி விழுந்தாயிற்று.

"நாங்க ஒண்ணும் ஊத்தல. அழிக்கவும் வேணாம்" என்றாள்.

"அக்கா..."

"ஒரு தடவ செத்தது போதாதா தம்பி?"

வீட்டுக்காரர் கையெழுத்து இல்லாமல் கம்பத்தைத் தொட அவனுக்கும் அதிகாரமில்லை. வீடு வீடாகப் போய்ப் பார்த்தான். நாற்பத்தோரு வீட்டிலும் நாய்தான் காலைத் தூக்கியது. மெஷின் சமாச்சாரத்தை அவன் மற்ற வீடுகளிலும் சொல்லத்தான் செய்தான். ஆனால் சாமியைக் குறை சொல்ல வந்தவனாக நினைத்து யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பவுனாம்பாளுக்கு மட்டும் ஒரு வார்த்தை பாக்கியில்லாமல் புரிந்தது. அது புரியாமல் போயிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

வைகாசியில் குரல்கள் மெலிய ஆரம்பித்தன. ஒரு சொம்புக்குக் கேட்ட குரல் ஒரு குடம் கேட்டது, அப்புறம் மூன்று குடம், அப்புறம் ஐந்து. ஆனியில் வேம்பு வீட்டுக் கம்பம் வாயே திறக்கவில்லை.

"பவுனு, எம் புள்ள கோவிச்சுக்கிச்சுடீ. நான் என்னடீ பண்ணினேன்? அன்னிக்கு அது கையத்தான விட்டேன், வேணும்னா விட்டேன்?" என்று வேம்பு மடியில் விழுந்து அழுதாள்.

பவுனாம்பாள் அவள் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள். கோபமில்லை, மெஷின் பழகிவிட்டது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால் வேம்பு ஊற்றுவதை நிறுத்துவாள், தெரு நிறுத்தும், குணசீலன் வந்து எல்லாவற்றையும் அழிப்பான். ஐந்து குடத்துக்கு அவள் வீட்டுக் கம்பம் அப்போதும் பவுனு என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தது. அவள் சொல்லவில்லை.

"இன்னும் ரெண்டு குடம் சேத்து ஊத்திப் பாரு" என்றாள். பாவி, அதைத்தான் சொன்னாள்.

ஆடி மூன்றாம் வெள்ளி. வானத்தில் பொட்டு மேகமில்லை, காலை ஏழுக்கே வெயில் சுட்டது. மேற்கே எங்கோ மலையில் பெய்த மழை மேலே அணைகளை நிரப்பியிருந்தது. எச்சரிக்கையாக இருக்கச் சொல்லி எல்லார் போனிலும் செய்தி வந்தது. பார்த்தவர்களும், கம்பம் கூப்பிட்டால் போய்க்கொள்ளலாம் என்று போனைக் கவிழ்த்து வைத்தார்கள்.

எட்டு மணிக்கு நாற்பத்தோரு வாசலிலும் குடங்கள் கவிழ்ந்தன. அதற்குள் வாசலுக்கு இருபது குடம் என்று ஆகியிருந்தது. தெருவே சேறு, மஞ்சள் வாசனை, வேப்பிலை மிதக்கிறது. கம்பங்கள் மௌனமாக நின்றன.

பவுனாம்பாள் பதினெட்டாவது குடத்தை ஊற்றிவிட்டுக் குனிந்தாள். அவள் ஊற்றுகிற மஞ்சத்தண்ணி எப்போதும் கிழக்கே ஆற்றுப் பக்கம் ஓடும். இன்றைக்கும் ஓடியது. ஓடிய வேப்பிலை ஒன்று தெருமுனையில் நின்று, சுற்றி, திரும்பி அவள் கால் பக்கமே வந்தது. பின்னாலேயே செந்நிறமாகத் தண்ணீர் வந்து மஞ்சளை விழுங்கியது. கணுக்காலில் சில்லென்று பட்டது. கைப்பம்புத் தண்ணீர் அப்படிச் சில்லிடாது.

நிமிர்ந்து கம்பத்தைப் பார்த்தாள். அது காதை அடைத்துக்கொண்டு நின்றது.

"ஆறு வருது! ஏய், எல்லாரும் ஓடுங்க, ஆறு வருது!"

"என்னாடீ உளர்ற? நாம ஊத்துன தண்ணிடீ இது" என்றாள் பாப்பாத்தி, குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு.

"கம்பம் கூப்பிடலையே?" என்றார் எதிர்வீட்டு ராமாமிர்தம்.

எத்தனை கத்தினாலும் எல்லார் கண்ணும் கம்பத்துக்கே போனது. அது சொல்லாததை இவள் சொல்லி யார் கேட்பது? தண்ணீர் கெண்டைக்காலுக்கு ஏறியது. பவுனாம்பாளுக்குச் சட்டென்று ஒன்று உறைத்தது. ஆறு மாதமாக வெள்ளிதோறும் இந்தத் தெருவில் எல்லா வாசல் குரலையும் கேட்டவள் அவள். கையிலிருந்த குடத்தை வீசி எறிந்தாள். பாப்பாத்தியின் முகத்துக்கு நேரே நின்று, அடிவயிற்றிலிருந்து, செத்த கிழவியின் அதே இழுப்பில் கத்தினாள்.

"அடியே மூதேவி! தூங்குனது போதும், எந்திரி!"

பாப்பாத்தி குடத்தைப் போட்டுவிட்டுப் பிள்ளைகளை வாரிக்கொண்டு ஓடினாள். யோசிக்கவே இல்லை, கால் தானாக ஓடியது. அடுத்து ராமாமிர்தம். "அண்ணே, சாவிய அப்பறம் தேடிக்க, முதல்ல வெளிய வா!" அவர் தம்பியின் அதே அவசரம். பெரியவர் வேட்டியைத் தூக்கிக்கொண்டு கரையைப் பார்க்க நடந்தார். வாசல் வாசலாக அவள் செத்தவர்களாக மாறிக்கொண்டே போனாள். தொண்டையில் ரத்தம் வரும்போல் இருந்தது. நாற்பது வீடு காலியானது.

வேம்பு தன் கம்பத்தடியில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று இன்னும் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

பவுனாம்பாள் வாயைத் திறந்தாள். அம்மா என்று கூப்பிட வேண்டும். ஐம்பது வயதுத் தொண்டையில் ஒன்பது வயது எங்கிருந்து வரும்? வரவில்லை. உண்மைதான் வந்தது.

"வேம்பு, உம் புள்ள கோவிச்சுக்கலடீ. மெஷினு பழகிப்போச்சு. எனக்குச் சித்திரையிலேயே தெரியும். நான் சொல்லல. என்னை அடி, கொல்லு, இப்ப வா."

வேம்பு அவளைப் பார்த்தாள். திட்டவில்லை.

"அப்ப கோவம் இல்லியா அதுக்கு?"

"இல்லடீ. வா."

"தண்ணி இன்னும் ஏறினா பேசுமில்ல? இது நெசத் தண்ணிதானே?"

பவுனாம்பாள் அவள் தோளைப் பிடித்து இழுத்தாள். வேம்பு கம்பத்தை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டாள்.

"நீ போ பவுனு. அது கூப்பிட்டதும் வந்துடறேன்."

ராமாமிர்தமும் இன்னும் இரண்டு பேரும் கயிற்றைப் போட்டு வந்து பவுனாம்பாளைத்தான் இழுத்துக்கொண்டு போக முடிந்தது.

கரைமேல் நின்று தலையை எண்ணினார்கள். ஒன்று குறைந்தது. வெயில் அடித்துக்கொண்டே இருந்தது. பத்து மணி சுமாருக்குத் தண்ணீர் கூரைத் தாழ்வாரத்தைத் தொட்டது. எத்தனை குடம் ஊற்றினாலும் ஏறாத உயரம் அது. அப்போதுதான் கம்பங்களுக்கு நம்பிக்கை வந்தது.

முழுகிக்கொண்டிருந்த காலித் தெருவிலிருந்து நாற்பத்தொன்றும் ஒரே நேரத்தில் கூப்பிட்டன. தண்ணீர் மேலே குரல் தெளிவாக வந்தது. எந்திரி மூதேவி, அண்ணே வெளிய வா, அய்யா எழுந்திருங்க. கரைமேல் நின்றவர்கள் வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டார்கள். "பவுனு, ஏ பவுனு" என்று கலியமூர்த்தி கூப்பிட்டான். "மேட்டுலதான்யா நிக்கிறேன், வந்துட்டேன்யா" என்று அவள் பதில் கத்தினாள். அவன் கேட்காமல் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். எல்லாக் குரலுக்கும் நடுவில் மெல்லிசாக ஒன்று, "அம்மா, எழுந்திரிம்மா, மேட்டுக்குப் போலாம் வாம்மா" என்றது. இந்தா வந்துட்டேன் என்று வேம்பு சொன்னது தன் காதில் விழுந்ததாகப் பாப்பாத்தி இன்றைக்கும் சொல்கிறாள். ராமாமிர்தம் இல்லை என்கிறார். பவுனாம்பாளிடம் யாரும் கேட்பதில்லை.

ஒவ்வொன்றாக முழுகி, ஒவ்வொன்றாக அடங்கின. மெல்லிசான குரல் அடங்க நேரமானது.

புரட்டாசியில் குணசீலன் மறுபடி வந்தான். கரைக்கு வெளியே பள்ளிக்கூடத்தில்தான் அப்போது எல்லாரும் தங்கியிருந்தார்கள். தண்ணீர் வடிந்ததும் கீழத்தெருவுக்கேதான் திரும்பப் போகப் போகிறார்கள், விளைகிற மண் அங்கேதானே இருக்கிறது. அவன் இளைத்திருந்தான். நேராக அவளிடம் வந்து உட்கார்ந்தான்.

"நானாவது ஆபீஸுல கத்தியிருக்கணும்க்கா. நாயின்னு எழுதிக் குடுத்துட்டுப் போயிட்டேன்."

அவன் படிவங்களை எடுத்தான். அதே கேள்வி. முப்பத்தொன்பது வீட்டிலும் ஒரே பதிலை எழுதியிருந்தார்கள், பவுனாம்பாள் என்று.

"உங்க குரல்தான் வேணுமாம். பேர் பேராச் சொல்லிப் பதியணும். உங்க வீட்டுக் கம்பத்துக்கு யாரு?"

"எனக்கு வேணாம். தெரு பூரா நாந்தானே கத்தப் போறேன், எனக்குக் கேக்காதா?"

வகுப்பறைக் கதவைச் சாத்திவிட்டு மெஷினை வைத்தான். அவள் ஒவ்வொரு பெயராகச் சொன்னாள். பாப்பாத்தி, எழுந்திரு, தண்ணி வருது. அண்ணே, எழுந்திருங்க. ஒரு மணி நேரம் ஆனது. தொண்டை அன்றையிலிருந்து சரியாகவில்லை, நடு நடுவே தண்ணீர் குடித்துக்கொண்டாள்.

"முடிஞ்சுதுக்கா" என்று அவன் கையை நீட்டினான்.

"இன்னும் ஒரு வீடு இருக்கு."

"வேம்பக்கா வீடு காலியாத்தானக்கா கெடக்கு?"

"தெரியும். போடு."

அவன் கையை எடுத்துக்கொண்டான். அவள் மெஷினுக்குப் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தாள். இரண்டு மாதமாக யோசித்து வைத்திருந்த வார்த்தை அது. அன்றைக்கு இடுப்பளவுத் தண்ணீரில் வாயில் வராத ஒரே பொய்.

"வேம்பு, எழுந்திரிடீ" என்றாள். "உம் புள்ள மேட்டுல வந்து நிக்குது."